வலி மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு

மாத்திரை அட்டையைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது பெரிய எழுத்தில் இருக்கும் பெயர். அது கம்பெனி வைத்த பெயர். அட்டையைத் திருப்பினால், அலுமினியத் தாளின் மேல், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடியாக ஒரு வரி இருக்கும்: பாரசிட்டமால் 500 மி.கி., அல்லது ஐபுப்ரோஃபென் 400 மி.கி., அல்லது இரண்டும் சேர்ந்து. வயிற்றுக்குள் போவது எது என்பது அந்தப் பொடி வரியில்தான் இருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் வலி மாத்திரையால் வரும் வினைகள் பெரும்பாலும் இந்த வரியைப் படிக்காத இடத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் ஒரு சின்னப் பழக்கம்: மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சான முனையைக் கடைசிவரை விட்டுவைத்து, எதிர்முனையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுங்கள். கடைசி மாத்திரை வரை அது என்ன மருந்து என்று தெரிந்திருக்கும்.

பெயர்கள் நூறு இருந்தாலும் குடும்பம் இரண்டுதான். ஒன்று பாரசிட்டமால். சில நாடுகளில் இதையே அசிட்டமினோஃபென் என்பார்கள், மருந்து ஒன்றுதான். வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது. வயிற்றை அதிகம் படுத்தாது. அளவு மீறினால் கல்லீரலைப் பதம் பார்த்துவிடும். இன்னொன்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென், ஆஸ்பிரின் ஆகியவை இருக்கும் குடும்பம். வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். ஆனால் இரைப்பை, சிறுநீரகம், இதயம் மூன்றையும் நினைத்துக்கொண்டுதான் போட வேண்டும். இந்தக் குடும்பத்திலிருந்து ஒரு சமயத்தில் ஒன்றுதான். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் என்று மனசுக்குள் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டாலும் உடம்பு அப்படிப் பிரிப்பதில்லை. பலன் கூடாது, வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்புதான் கூடும்.

முதலில் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1,000 மி.கி. வரை. இரண்டு வேளைகளுக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6. 24 மணி நேரத்தில் மொத்தம் 4,000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. இது ஆரோக்கியமான பெரியவருக்கான உச்சவரம்பு. எடை 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துபோனவர்கள் எல்லோருக்கும் வரம்பு இதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 24 மணி நேரம் என்பது காலண்டர் நாள் அல்ல என்பதும் முக்கியம். நேற்று இரவு 10 மணிக்குப் போட்டது இன்று இரவு 10 மணி வரை கணக்கில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் கணக்கு பூஜ்யமாகிவிடுவதில்லை.

வரம்பு எப்படித் தெரியாமல் மீறப்படுகிறது என்பதை ஒரு காய்ச்சல் நாளை வைத்துப் பார்க்கலாம். காலை 6 மணிக்குக் காய்ச்சலுக்கென்று 500 மி.கி. மாத்திரை இரண்டு. 10 மணிக்கு மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை ஒன்று. அதற்குள் 500 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. மதியம் 2 மணிக்கு மறுபடியும் 500 இரண்டு. 3 மணிக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதே என்று ஐபுப்ரோஃபெனும் 325 மி.கி. பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை ஒன்று. மாலை 6 மணிக்கு இன்னொரு சளி மாத்திரை. ராத்திரி 9 மணிக்கு 500 இரண்டு. போட்டவரைக் கேட்டால் "காய்ச்சல் மாத்திரை மூணு வேளைதான் போட்டேன்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். கூட்டிப் பாருங்கள்: 1,000, 500, 1,000, 325, 500, 1,000. மொத்தம் 4,325 மி.கி. தூக்கம் வரவில்லை என்று 650 மி.கி. ஒன்றைச் சேர்த்தால் 4,975. இதே கதை நான்கு நாள் ஓடினால் அது விளையாட்டல்ல. சளி மாத்திரை, மூக்கடைப்புக்கான பவுடர், மாதவிடாய் வலிக்கான மாத்திரை, காஃபின் சேர்ந்த தலைவலி மாத்திரை, டிரமடால் கலந்த வலி மாத்திரை என்று எதை எடுத்தாலும் முதலில் தேட வேண்டிய சொல் பாரசிட்டமால். தனியாகப் பாரசிட்டமால் போடுவதென்றால் இந்தக் கலவைகளை நிறுத்திவைப்பது நல்லது. மூக்கடைப்புக்கோ தும்மலுக்கோ தனி மருந்து கிடைக்கும்.

கல்லீரலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த எண்களின் மேல் மரியாதை வரும். உள்ளே போகும் பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் எளிதாகக் கரையக்கூடிய பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. மிச்சமிருக்கும் சிறு பங்கு, வேறு வழியில் போய் ஒரு நச்சுப் பொருளாகிறது. அதைச் செயலிழக்கச் செய்வது கல்லீரலில் இருப்பு இருக்கும் குளூட்டாதயோன். சரியான அளவில் போடும்வரை இருப்பு போதுமானதாக இருக்கும். அளவு கூடினால் நச்சு அதிகமாக உருவாகும், இருப்பு தீரும், மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களையே கொல்லும். சாப்பாடு இறங்காத நாட்களில் இந்த இருப்பு தானாகவே குறைந்துவிடுகிறது. தொடர்ந்து மது குடிப்பவர்களுக்கு நச்சாகும் பங்கே கூடுகிறது. காசநோய்க்கான ஐசோனியாசிட், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களும் இந்த விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மூன்று நாளாக வாய்க்கு எதுவும் பிடிக்காமல் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு 4,000 என்ற வரம்பைத் தொட்டுக்கொண்டே போவது சரியில்லை என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்ற அவசரமும் அளவை மீற வைக்கும். பாரசிட்டமால் பலன் காட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். 20 நிமிடத்தில் வலி போகவில்லை என்று இன்னொன்றைப் போடுவது தேவையில்லாத டோஸ். முழு டோஸ் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் வலி தாங்கவில்லை என்றால், இரண்டாவது குடும்பத்தில் எதுவும் தடையில்லாத பெரியவர் ஐபுப்ரோஃபென் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு வழியில் உடம்பைவிட்டு வெளியேறுபவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. பல்வலிக்கு இந்த ஜோடி நன்றாகவே கேட்கும். அதே குடும்பத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் கூடாது.

ஐபுப்ரோஃபெனுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. மருத்துவரைக் கேட்காமல் போடும்போது ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., 6 முதல் 8 மணி நேர இடைவெளி, நாளைக்கு 1,200 மி.கி. வரை. 400 மி.கி. மாத்திரை என்றால் நாளைக்கு மூன்று, அதற்குமேல் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எரிச்சலும் குமட்டலும் குறையும், அதனால் சாப்பாட்டோடு போடுவது நல்லதே. ஆனால் புண் வருவதை அது தடுத்துவிடாது. இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்கு உடம்பு உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் தேவை. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் அதே வகைப் பொருள். மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. ரத்தத்தில் கலந்தபிறகு நடக்கும் வேலை இது என்பதால் ஊசியாகப் போட்டாலும் வயிற்றுப் புண் வரலாம். ஏற்கெனவே அல்சர் இருந்தவர்கள், வயிற்றிலிருந்து ரத்தம் போனவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்தோ சாப்பிடுபவர்கள் தாங்களாக இதைத் தொடக் கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப்பை அடிக்கடி குடித்துக்கொண்டு ஐபுப்ரோஃபெனைத் தொடர்வது இன்னும் மோசம். எரிச்சல் மறைந்துவிடும், புண் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் அது ரத்தமாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதே புரோஸ்டாகிளாண்டின்தான் சிறுநீரகத்துக்குள் நுழையும் ரத்தக் குழாயை விரித்து வைக்கிறது, குறிப்பாக உடம்பில் நீர் வற்றிய நேரத்தில். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகக் கிடக்கும்போது உடம்புவலிக்கென்று ஐபுப்ரோஃபென் போட்டால் அந்தக் குழாய் சுருங்கிச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவற்றில் ஒன்றையும், அதோடு சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரையையும் சாப்பிடுபவர் மூன்றாவதாக ஐபுப்ரோஃபெனைச் சேர்த்தால் சில நாட்களிலேயே, சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஏறலாம். இந்தச் சேர்க்கையை எல்லா மருந்தாளுநரும் உஷாராகப் பார்ப்பார்கள். ஆனால் வாங்குபவர் தன் பிரஷர் மாத்திரையைப் பற்றிச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? தினமும் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதய நோய் உள்ளவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இந்தக் குடும்பத்திலிருந்து தள்ளியிருப்பதே நல்லது. ஆஸ்பிரின் அல்லாத இந்த மாத்திரைகளால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு முதல் சில வாரங்களிலேயே கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இதயத்துக்காகத் தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டால், ரத்தத் தட்டுகளில் (பிளேட்லெட்) ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. அன்றைய ஆஸ்பிரின் வீணாகலாம். அவர்களுக்குப் பாரசிட்டமால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் பாரசிட்டமாலையே பல நாட்கள் தொடர்ந்து போட்டால் ரத்தம் உறையும் நேரம் மாறலாம், அதனால் பரிசோதனை செய்பவரிடம் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போட்ட ஓரிரு மணி நேரத்தில் மூச்சிரைப்பு வரும். முன்பு போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியாத ஆஸ்துமாக்காரர் வீட்டில் தனியாக இருக்கும்போது இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவுமே கூடாது. ரத்தத் தட்டுகள் குறையும் நோயில் ரத்தக் கசிவை அவை கூட்டும். பாரசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவுக்குள். கர்ப்பிணிகளுக்கும் பாரசிட்டமால்தான் முதல் தெரிவு, தேவையான குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. 20 வாரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் வகை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமான அளவில் இரண்டுமே ஒத்துக்கொள்ளும்.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் பாட்டிலிலும் கரண்டியிலும். வயதை வைத்து அளவு சொல்வது தோராயம்தான். எடைதான் சரியான அளவுகோல். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி.; இடைவெளி 4 முதல் 6 மணி நேரம்; 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் போகாமல் இருப்பது பத்திரம். குழந்தையின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. இப்போது பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்கலாம். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் இரண்டரை மி.லி. போதும். ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.2 மி.லி. மூன்றுமே இனிப்பாக, ஒரே பழ வாசனையோடு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிராப்ஸ் பாட்டில் சின்னதாக இருப்பதால் மருந்தும் லேசானது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் மூன்றிலும் செறிவு கூடியது அதுதான். சிரப் என்று நினைத்து அதை 5 மி.லி. ஊற்றிக் கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும், பெரியவர் போடும் ஒரு முழு மாத்திரை அளவு. பழைய பாட்டில் தீர்ந்து புதிதாக ஒன்று வாங்கும் நாள்தான் ஆபத்தான நாள். கை பழைய அளவையே ஊற்றும். புதுப் பாட்டில் வந்ததும் "5 மி.லி.யில் எத்தனை மி.கி." என்ற வரியைப் படித்து, இந்தக் குழந்தைக்கு எத்தனை மி.லி. என்று ஒட்டுத்தாளில் எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். எடை ஏறினால் அதையும் மாற்ற வேண்டும்.

வீட்டுக் கரண்டியில் அளக்க வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொள்ளளவு. ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சுதான் சரி. பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், இல்லையென்றால் மருந்து அடியில் தங்கி முதல் வேளை நீர்த்தும் கடைசி வேளை கெட்டியாகவும் போகும். சிரிஞ்சில் உறிஞ்சியதும் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அளவு குறையும், தட்டி மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். குழந்தையை உட்காரவைத்து, தொண்டையை நோக்கிப் பீச்சாமல் கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாரசிட்டமால் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம். அதற்குப் பிறகு வாந்தி எடுத்தால் அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணுக்காக மருந்து கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை ஓடி விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்கலாம். நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து புகட்ட வேண்டாம். காய்ச்சல் மருந்து கொடுப்பதால் காய்ச்சல் வலிப்பு வராமல் போவதும் இல்லை. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே மருந்தைத் தேடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரேய் நோய்க்குறி என்னும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய பாதிப்பு வரலாம். சின்னம்மை போட்டிருக்கும் குழந்தைக்கு ஐபுப்ரோஃபெனைத் தவிருங்கள். பாரசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் வீடுகளில் அம்மா கொடுத்தது அப்பாவுக்குத் தெரியாது, இரண்டு பேரும் கொடுத்தது பாட்டிக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் மருந்து, மி.லி., மணி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

அடிக்கடி தலைவலிக்கு மாத்திரை போடுபவர்கள் ஒரு காலண்டரில் மாத்திரை போட்ட நாட்களை வட்டமிட்டு வரவேண்டும். பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ மாதத்தில் 15 நாட்கள், காஃபின் போன்றவை கலந்த மாத்திரை 10 நாட்கள் என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கும். காலையில் எழும்போதே தலை கனத்திருக்கும், மாத்திரை போட்டால் கொஞ்சம் விடும், மறுநாள் திரும்ப வரும். இதற்கு வைத்தியம் மாத்திரையை நிறுத்துவதுதான். நிறுத்தும் முதல் சில நாட்கள் வலி ஏறும் என்பதால் மருத்துவர் துணையோடு செய்வது நல்லது. வட்டமிட்ட அந்தக் காலண்டரைக் கையோடு எடுத்துப் போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாரசிட்டமால் மாத்திரை சீக்கிரம் கேட்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கும். நாளைக்கு எட்டு போட்டால் 3 கிராமுக்கு மேல்; பெரியவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி வரம்பே 2 கிராம்தான். பிரஷர் உள்ளவர்கள் சாதாரண மாத்திரையே போடலாம். மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். எந்த மாத்திரையையும் உட்கார்ந்தோ நின்றோ ஒரு முழு தம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். படுத்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண் ஆக்கும். டைக்ளோஃபினாக் ஜெல் மாத்திரையைவிடக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது, முட்டிவலிக்கு நல்ல தேர்வு. வெடிப்போ காயமோ உள்ள தோலில் தடவ வேண்டாம், தடவிய இடத்தில் சூட்டு ஒத்தடமும் வேண்டாம், தடவியபின் கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.

மருந்துப் பெட்டியைக் குளியலறையிலோ அடுப்புக்கு மேலோ வைத்தால் ஈரமும் சூடும் மருந்தைக் கெடுக்கும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் வினிகர் வாடை அடித்தால், ஈரம் பட்டு மாத்திரை அசிட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போடுங்கள்.

தானாக மாத்திரை போட்டுச் சமாளிப்பதற்கு ஒரு எல்லை உண்டு. காய்ச்சலுக்கு 3 நாள். வலிக்குப் பெரியவர்களுக்கு 10 நாள், குழந்தைகளுக்கு 5 நாள். அதற்குமேல் தொடர்ந்தால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். சில வலிகளுக்கு அந்த அவகாசமும் கிடையாது: நெஞ்சுவலி, இடி விழுந்தது போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, கழுத்து விறைப்போடு வரும் காய்ச்சல், மரத்துப்போன இடுப்புப் பகுதியும் சிறுநீர் வராமையும் சேர்ந்த முதுகுவலி. இவற்றுக்கு மாத்திரை தேடி நேரத்தைக் கழிக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பாரசிட்டமால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் 24 மணி நேரம் லேசான குமட்டல் தவிர ஒன்றுமே தெரியாமல் போகலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் கண்ணில் மஞ்சளும் தெரிவதற்குள் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல நச்சுமுறி மருந்து இருக்கிறது. மொத்தமாக விழுங்கி 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம், தாமதமானாலும் பலன் உண்டு. பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியவர்களும் போக வேண்டும். அவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிப்பது கடினம் என்பதால் போட்ட கணக்குதான் மருத்துவருக்கு வழிகாட்டும். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். காலி அட்டைகள், சிரப் பாட்டில், சளி மாத்திரை அட்டை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எப்போது எத்தனை, உடல் எடை எவ்வளவு என்று எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.